‘சோம்பேறி’ என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் முதலில் ரத்தப் பரிசோதனைதான் கேட்பேன்

என் விசிட்டிங் கார்டில் ‘ஹோலிஸ்டிக் ஹெல்த் அண்ட் மைண்ட்செட் கோச்’ என்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒரே புகார்தான். “எனக்கு மன உறுதியே இல்லைங்க மேடம். என்ன சாப்பிடணும், எவ்வளவு நடக்கணும், எல்லாம் தெரியுது. ஆனா செய்ய மாட்டேங்கிறேன். என் மைண்ட்செட்டை மாத்திவிடுங்க.” யூடியூபில் நாலு பேர் பேசியதைக் கேட்டுவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு எழ முடியாததற்குத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள்.

அவர்களிடம் முதல் சந்திப்பில் மனதைப் பற்றி அநேகமாக நான் பேசுவதே இல்லை. கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தீர்கள், குறட்டை விடுவதாக வீட்டில் யாராவது சொல்கிறார்களா, மாதவிலக்கில் போக்கு அதிகமா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான் பேச்சு போகும். “மோட்டிவேஷனுக்கு வந்தா லேப் ரிப்போர்ட் கேக்கறீங்களே” என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். எட்டு, ஒன்பதில் இருப்பவருக்கு இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். அவரிடம் போய் “உங்களால முடியும்” என்று உற்சாகமாகப் பேசினால், முடியாமல் போகும் ஒவ்வொரு நாளும் பழி அவர் தலையில்தான் விழும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் அசதி, எடை கூடுதல், எதிலும் ஈடுபாடின்மை எல்லாம் வரும். தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்சினை இருப்பவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் களைப்போடுதான் எழுவார். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுபவர்களில் சிலருக்கு பி12 குறைந்து, காலில் மதமதப்பும் சோர்வும் சேர்ந்துகொள்ளும். இவை எல்லாவற்றுக்கும் வீட்டில் வைக்கும் பெயர் ஒன்றுதான்: சோம்பேறித்தனம்.

இடையில் ஒரு சின்ன விஷயம். முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் தைராய்டு பரிசோதனைக்குப் போகும்போது அதை லேபிலும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். அதிக அளவு பயோட்டின் சில பரிசோதனை முடிவுகளைத் தப்பாகக் காட்டிவிடும். பலருக்கு இது தெரிவதில்லை.

இன்ன நோய் என்று நான் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. “இதை உங்க டாக்டர்கிட்ட கேளுங்க” என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புவேன். என் வேலை தொடங்குவதே அவர் பார்த்து முடித்த பிறகுதான். டாக்டர் அறையில் கிடைக்கும் சில நிமிடங்களில் “வெயிட் குறைங்க, வாக்கிங் போங்க, ஸ்வீட் வேண்டாம்” என்ற அளவுக்குத்தான் பேச முடியும். அந்த மூன்று வரிக்கும் வந்தவருடைய அடுப்படிக்கும் நடுவில் இருப்பதுதான் கோச்சின் இடம்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்; அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பள்ளி ஆசிரியை, நாற்பதைத் தாண்டியவர். மூன்று மாத சர்க்கரை சராசரி 6.1. அதாவது 5.7-க்கும் 6.4-க்கும் இடைப்பட்ட, நீரிழிவின் வாசற்படி. மற்றப் பரிசோதனைகளில் கோளாறு இல்லை. “காலைல வாக்கிங் போக மனசே வரமாட்டேங்குது” என்றார். சரி, நேற்று என்ன செய்தீர்கள், எழுந்ததிலிருந்து சொல்லுங்கள் என்றேன்.

நாலே முக்காலுக்கு எழுந்து மோட்டார் போட்டிருக்கிறார். மூன்று டிபன் பாக்ஸ், மூன்றிலும் வேறு வேறு. மாமனாருக்குக் கஞ்சி. ஏழு ஐம்பது பஸ். காலைச் சாப்பாடு? “நின்னுக்கிட்டே ரெண்டு இட்லி… இல்ல, நேத்து அதுவும் இல்ல. பையன் மிச்சம் வெச்ச தோசை இருந்துச்சு.” டீ? ஐந்து. சர்க்கரை? “கம்மியாதான் மேடம், ரெண்டு ஸ்பூன்.” ஐந்து டீக்குப் பத்து ஸ்பூன், கிட்டத்தட்ட 40 முதல் 50 கிராம். உணவில் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அந்த ஐந்தில் மூன்று டீ ஸ்டாஃப் ரூமில் கேனில் கலந்தே வருவது. சர்க்கரையைக் குறைக்க இவர் கையில் ஸ்பூனே இல்லை. ராத்திரிச் சாப்பாடு ஒன்பதே முக்காலுக்கு, கணவர் வந்த பிறகு.

இந்த நாளில் ‘காலை வாக்கிங்’ எங்கே நுழையும்? அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நான் சோம்பேறி” என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான் கடைசி.

காலை நடையை எடுத்துவிட்டோம். மதியச் சாப்பாட்டு மணி அடித்து, சாப்பிட்டு முடித்ததும் வராந்தாவில் பத்து நிமிடம் நடை. சாப்பிட்ட உடனே நடப்பது, ஏறும் சர்க்கரையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். வீட்டிலிருந்து சின்ன ஃபிளாஸ்கில் சர்க்கரை இல்லாத டீ. இரண்டுக்கும் அவர் உடனே சரி என்றார். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றலாமா என்று கேட்டபோதுதான் முகம் மாறியது. “அவர் வர்றதுக்கு முன்னாடி நான் உக்காந்து சாப்பிட்டா அத்தை என்ன நினைப்பாங்க?”

மனநிலைப் பயிற்சி என்று நான் சொல்வது இங்கேதான் ஆரம்பிக்கிறது. பசிக்கும்போது சாப்பிட இவருக்கு யாருடைய அனுமதி தேவைப்படுகிறது, அத்தை உண்மையிலேயே ஏதாவது சொன்னாரா அல்லது சொல்வார் என்று இவரே இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாரா, கணவரிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது. இரண்டு சந்திப்பு முழுக்க இதற்கே போனது. கடைசியில் அத்தையும் ஏழரைக்கே சாப்பிட உட்கார ஆரம்பித்தார். அவருக்கும் சர்க்கரைதான், மருமகள் சாப்பிடாமல் தான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று இவ்வளவு காலம் காத்திருந்திருக்கிறார்.

அறிவுரை சொல்லித் திருத்தலாம் என்ற நம்பிக்கை இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோருக்கும் இருக்கும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் குடிநோயாளிகளோடு வேலை செய்து, 1983-இல் வேறு ஒரு பேச்சுமுறையை எழுதினார். வற்புறுத்த வற்புறுத்த எதிராளி தன் பழக்கத்துக்கு வக்காலத்து வாங்குவார். மாற வேண்டிய காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நான் தினமும் பயன்படுத்தும் கேள்வி அந்த முறையில் வருவதுதான். “மாறணும்னு எவ்வளவு தோணுது, பத்துக்கு மார்க் போடுங்க” என்பேன். நாலு என்பார்கள். “ஏன் எட்டு இல்லை?” என்று கேட்டால் சாக்குகள் கொட்டும். “ஏன் ரெண்டு போடலை?” என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்கப்பாவுக்கு சர்க்கரையில காலை எடுத்தாங்க” என்று ஒருவர் சொன்னார். அதற்கு மேல் நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

21 நாளில் பழக்கம் உருவாகும் என்று விற்கப்படும் சவால்களையும் நம்ப வேண்டாம். லண்டனில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நிகழும் அளவுக்குப் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. இருபத்திரண்டாம் நாள் ‘ஃபெயில்’ ஆகி வந்து நிற்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இதெல்லாம் பேச்சுக்கு நன்றாயிருக்கும், பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு சென்னையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டது. வழக்கம்போல விடப்பட்டவர்களில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவு, நடை பற்றித் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களில் 39.3 சதவீதம். அதே குழு 2013-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், வேலைக்குப் போகும் ஆண்களில் ஒரு பகுதியினருக்கு செல்போனில் தொடர்ந்து குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தது. இரண்டு வருடத்தில் நீரிழிவு வந்தவர்கள், செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம், பெற்றவர்களில் 18 சதவீதம். விடாமல் யாரோ ஒருவர் ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பதற்கு இவ்வளவு பலன். அதே கணக்கில், ஆலோசனை பெற்றும் 39 சதவீதம் பேருக்கு நோய் வந்தது என்பதையும் நான் மறைக்காமல் சொல்லிவிடுவேன். அவர்கள் யாரும் மனம் வைக்காதவர்கள் அல்ல.

இனி எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். கோச் என்று போட்டுக்கொள்ள எந்தப் பதிவும் வேண்டாம். வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு, “மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்த வைக்கிறேன்” என்று விளம்பரம் போடுகிறார்கள். நீரிழிவு, புற்றுநோய், உடற்பருமன் போன்றவற்றைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஆனால் ‘ப்ரோகிராம்’ என்று பெயர் வைத்துவிட்டால் கேட்க ஆளில்லை.

கிளிமெபிரைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், அளவைக் குறைக்காமல் திடீரென்று பதினாறு மணி நேர விரதம் ஆரம்பித்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து நடுங்கி, நிதானம் தவறலாம். டபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர் சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்தி கீட்டோவுக்குப் போனால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் அபாயம் உண்டு. டைப் 1 நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இங்கிலாந்தில் 2016-இல் ‘உடலைத் தட்டிக் குணமாக்கும்’ முகாமுக்குப் போன ஒரு பெண்மணி இன்சுலினை நிறுத்தி, அங்கேயே இறந்தார். முகாமை நடத்தியவருக்கு 2024 டிசம்பரில் பத்து வருடச் சிறை கிடைத்தது. அதனால்தான் உணவில் பெரிய மாற்றம் எதுவானாலும், முதலில் மாத்திரைச் சீட்டோடு மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பது என்னிடம் கண்டிப்பான விதி. சித்த மருந்தானாலும் விதி அதேதான்.

மனம் பற்றியும் ஒரு எல்லை இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, அழுகை வருகிறது என்றால் அது ‘நெகட்டிவ் மைண்ட்செட்’ இல்லை. மனச்சோர்வை அளக்க பிஹெச்க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் உண்டு. மதிப்பெண் கூடினால், அல்லது செத்துப்போனால் தேவலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்பதுபோன்ற எண்ணத்தைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு ‘ஆம்’ என்பதுபோல் எந்தப் பதில் வந்தாலும், கோச்சிங் அங்கேயே நிற்கும். மனநல மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்து, வீட்டில் நம்பிக்கையான ஒருவரை அவர் சம்மதத்தோடு அழைத்துப் பேசுவேன். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் 14416 எண் கட்டணமில்லாதது, இரவிலும் தமிழில் பேசலாம்.

எந்தக் கோச்சிடமும் பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். என்ன படித்தீர்கள், எங்கே? எப்போது என்னை மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? ஏதாவது பவுடர், ஷேக், சப்ளிமென்ட் விற்கிறீர்களா? இரண்டாவது கேள்விக்கு “அதுக்கு அவசியமே வராது” என்று பதில் வந்தாலோ, மூன்றாவதற்கு மேஜையின் கீழிருந்து ஒரு டப்பா மேலே வந்தாலோ, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடலாம்.