கழிவை எங்கே போய் எடுப்பது?

வன்னியில் விசுவமடுப் பக்கம் வீட்டிலேயே மிளகாய்த்தூள் அரைத்துப் பொதி செய்து விற்கும் பெரியம்மா ஒருவர், வரிப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, உந்தக் கழிவை எங்க போய் எடுக்கிறது?" கடைச் சிட்டையின் அடியில் 10 வீதம் கழிவு போட்டுத் தருவார்களே, அதுபோல இறைவரித் திணைக்களமும் ஏதோ ஒரு யன்னலில் காசு தரும் என்று நினைத்திருக்கிறார். பிழை அவரில் இல்லை, சொல்லில்தான்.

'கழி' பழைய வினைச்சொல். நீங்குதல், கடந்துபோதல் என்பது பொருள். நாள் கழியும். 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்கிறது நன்னூல். காய்ச்சல் விடாத பிள்ளைக்கு எங்கள் ஊர்களில் கழிப்புக் கழிப்பார்கள், பள்ளிக்கூடத்தில் கூட்டலுக்குப் பிறகு கழித்தல் வரும், வாய்க்காலில் கழிவுநீர் ஓடும். எல்லாம் ஒரே வேர். உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்குப் 'பெற்ற கழிவு', 'கொடுத்த கழிவு' மனப்பாடம். அங்கே கழிவு என்றால் விலையில் குறைப்பது. வரிக் கணக்கில் அதே சொல் வேறு வேலை பார்க்கிறது. டிடக்சன் என்று கணக்காளர்கள் சொல்வது அதைத்தான். அது வரியில் குறைவதில்லை, வரி போடப்படும் வருமானத்தில் குறைகிறது.

பெரியம்மாவுக்கு ஒரு கொப்பியில் எழுதிக் காட்டினேன். வருட விற்பனை 30 இலட்சம் என்று வைப்போம். செத்தல், மல்லி, பொதிப் பை, அரைகூலி, ஓட்டோக் கூலி எல்லாம் 11 இலட்சம். மிச்சம் 19 இலட்சம். 2025 ஏப்ரல் 1 முதல் ஆளுக்கு வருடம் 18 இலட்சம் வரை வரியில்லை. ஆக 1 இலட்சத்துக்குத்தான் வரி, 6 வீதப்படி 6,000 ரூபாய். இதில் 5,000 ரூபாய்ச் செலவொன்றை எழுத மறந்திருந்தால் நட்டம் 5,000 இல்லை, 300 ரூபாய். கழிவு கிடைக்கும் என்று தேவையில்லாத சாமான் வாங்குகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்: 5,000 ரூபாய் செலவழித்தால் வரியில் மிச்சம் 300தான். மெஷின் வாங்கினாலோ அந்த விலையை ஒரே வருடத்தில் கழிக்கவும் ஏலாது. மெஷின் பழசாகப் பழசாக விலை குறைவதைக் கணக்கில் எழுதும் பெறுமானத் தேய்வு போல, வருடங்களுக்குப் பிரித்துத்தான் கழிக்கலாம்.

வீட்டில் தொழில் செய்வோருக்குச் சிக்கல் வருவது மீற்றரில். ஒரே மீற்றரில் மெஷினும் ஓடுகிறது, ரீவியும் ஓடுகிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வருமானம் உழைக்கச் செய்த செலவைக் கழிக்க விடுகிறது, வீட்டுச் செலவை விடுவதில்லை. அதனால் கரண்ட் பில்லில் தொழிலுக்குப் போன பங்கு மட்டும்தான். மெஷின் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று கலண்டரில் குறித்து வைத்தால், பங்கு பிரித்ததற்கு ஒரு நியாயம் காட்டலாம். பற்றுச்சீட்டுகளையும் வீசக்கூடாது. அதைத்தான் நம்மவர்கள் முதலில் வீசுவார்கள்.

அந்த 18 இலட்சத்துக்குப் பெயர் வரி நிவாரணம். வன்னியில் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள்! நிவாரணம் வடசொல், தடுத்து விலக்குதல் என்று பொருள். ஆனால் இடம்பெயர்ந்தவர்களுக்கு, 2009இல் மெனிக் பாம் முகாமில் நின்றவர்களுக்கு, நிவாரணம் என்றால் அரிசியும் மாவும் பருப்பும், அதற்கான வரிசையும். "அதுக்குக் காட் கொண்டுபோகோணுமோ?" என்றார் பெரியம்மா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வரி 'விலக்கு' என்பது கழிவு, நிவாரணம் இரண்டிலிருந்தும் வேறு. ஒரு வருமானத்தை வரிக்கு வெளியிலேயே வைத்துவிடுவது அது. சோழர் கல்வெட்டில் வரும் 'இறையிலி' நிலம் அந்த இனம். இறை என்றாலே வரிதான், 'இறையொருங்கு நேர்வது நாடு' என்று குறளில் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் இறைவரித் திணைக்களம் பெயரிலேயே இரண்டு முறை வரி கேட்கிறது.

சரி, டிடக்சனுக்கு எந்தத் தமிழ்? வெறும் 'கழிவு' குழப்பும், 'சலுகை' பிழை. 'செலவுக் கழிப்பு' என்று எழுதலாம் என்பது என் எண்ணம். விலைக் குறைப்புக்குக் கடைக்காரர் 'விலைக்கழிவு' என்றே வைத்துக்கொள்ளட்டும். பெரியம்மாவுக்குச் 'செலவைக் கழிச்சுப்போட்டு மிச்சத்துக்கு வரி' என்று சொன்னதும் பிடிபட்டது.

"அப்ப வீட்டுக் கறிக்கு எடுத்த தூளையும் கழிக்கலாமோ?"

"அது ஏலாது பெரியம்மா."