கேஸ் லைட்டுக்கு மேலே ஒரு வெள்ளைக் கோடு

2001 சித்திரை. அரசலாற்றங்கரையில் எங்கள் ஊர் மாரியம்மன் புறப்பாடு. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன் கையில் சோப்புப் பெட்டி அளவில் வெள்ளிநிறக் கேமரா ஒன்று. ஃபிலிம் கிடையாது என்றதும் தெருவே அவன் பின்னால் நடந்தது. பின்பக்கத்துக் குட்டித் திரையில் அம்மன் தெரிந்தாள். தலைச்சுமையாக வந்த கேஸ் லைட்டும் தெரிந்தது. அந்த விளக்கின் வழியாகத் திரையின் உச்சியிலிருந்து அடிவரை நூல் பிடித்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு.

எட்டிப் பார்த்த அப்பாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா ஜோதியா நிக்கிறாடா."

அண்ணன் பொத்தானை அமுக்கினான். எடுத்த படத்தைத் திருப்பிக் காட்டினான். அம்மன் இருந்தாள், விளக்கு இருந்தது, கோட்டைக் காணோம். அப்பாயி அசரவில்லை. "கண்ணுக்குக் காட்டுவா, படத்துல மாட்டுவாளா?"

திரையில் இருந்த கோடு படத்தில் எங்கே போனது என்பது எனக்குப் புரியப் பல வருஷம் பிடித்தது. அந்தக் காலத்தில் டிஜிட்டல் கேமரா வாங்கியவர்கள் புலம்பிய புலம்பல்களில் பாதிக்குமேல் இப்படித்தான். கேட்கக் கோளாறு மாதிரி இருக்கும். துருவிப் பார்த்தால் பெட்டிக்குள் நடக்கும் வேலை அப்பட்டமாக வெளியே எட்டிப் பார்த்திருக்கும்.

அந்தக் கேமராக்களின் கண், சிசிடி என்ற சிலிக்கன் சில்லு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969-இல் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கு 2009-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சிலிக்கன்மீது ஒளி விழுந்தால் எலக்ட்ரான்கள் விடுபடும். அதிக வெளிச்சத்துக்கு அதிக எலக்ட்ரான், கொஞ்சத்துக்குக் கொஞ்சம். சில்லு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பாத்திகள். ஒவ்வொன்றிலும் அதனதன் வெளிச்சத்துக்கு ஏற்ற அளவு எலக்ட்ரான் தேங்கும். அளந்து எழுதிக்கொண்டால் படம் கிடைத்துவிடும்.

அளப்பதுதான் சிக்கல். அண்ணனின் கேமராவில் அப்படி ஏறக்குறைய 20 லட்சம் பாத்திகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுத்து அளப்பது அன்றைக்கு நடக்கிற காரியமாக இல்லை. பாயிலும் ஸ்மித்தும் கண்ட வழியை டெல்டாவில் பிறந்தவனுக்குச் சொல்ல ஒரு நிமிஷம் போதும்: வயலுக்கு வயல் பாய்ச்சல். வாய்க்கால் ஒட்டாத நிலத்துக்கு நாம் என்ன செய்கிறோம்? மேல்வயல் மடையைத் திறந்தால் தண்ணீர் கீழ்வயலுக்கு வரும், அங்கிருந்து அடுத்ததற்கு, கடைசியில் வடிவாய்க்காலுக்கு. சிசிடியிலும் மேல்வரிசைப் பாத்தியில் தேங்கியது அடுத்த வரிசைக்கு இறங்கும். அது தன்னிடம் இருந்ததை அதற்கும் அடுத்த வரிசைக்குத் தள்ளியிருக்கும். கடைசி வரிசை பக்கவாட்டில் ஒவ்வொன்றாக நகர்ந்து ஒரே ஒரு வாசலுக்குப் போய் அங்கே அளக்கப்படும். மடையைத் திறந்து அடைக்கும் வேலையை மின்னழுத்தம் பார்த்துக்கொள்கிறது.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் வயலில் மேல்மடைக்காரன் தண்ணீரும் கீழ்மடைக்காரன் தண்ணீரும் கலந்தால் யாரும் கேட்பதில்லை (திறந்த நேரத்துக்குத்தான் சண்டை). சிசிடியில் ஒரு பாத்தியின் பங்கு இன்னொன்றோடு சேரவே கூடாது. சேர்ந்தால் படம் குழம்பிவிடும்.

இப்போது அப்பாயியின் ஜோதிக்கு வருவோம். சிறிய கேமராக்களில் இருந்த சிசிடியில் பாத்தி வரிசைக்குப் பக்கத்திலேயே ஒரு மூடுவாய்க்கால் ஓடும். வெளிச்சம் படாமல் இருக்க அதன்மேல் உலோகக் கூரை. பாத்தியில் தேங்கியது சட்டென்று இந்த வாய்க்காலுக்குள் தாவி, பிறகு நிதானமாக வாசலை நோக்கி நகரும். கேஸ் லைட் மாதிரிக் கண்ணைப் பறிக்கும் விளக்கு வந்தால் கூரையின் ஓரத்தில் கொஞ்சம் ஒளி கசிந்து உள்ளே இறங்கிவிடும். அந்த இடத்தைக் கடந்து போகும் ஒவ்வொரு பங்கும் அங்கே நாலு எலக்ட்ரானை ஏற்றிக்கொண்டுதான் போகும். விளைவு, அந்த நெடுக்கு வரிசை முழுவதும் வெளுப்பு. குட்டித் திரைக்குப் படம் நிற்காமல் போய்க்கொண்டிருந்ததால், விளக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோடு நீண்டது. பொத்தானை அமுக்கினால் கதை வேறு. தேவையான நேரம் ஒளியை வாங்கியதும் ஷட்டர் மூடிக்கொள்ளும். எலக்ட்ரான்கள் கும்மிருட்டில் நகரும், கசிய வெளிச்சமே இருக்காது. அதனால்தான் ஆத்தா படத்துக்கு மாட்டவில்லை.

சிலிக்கனுக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டும்தான் தெரியும். கோடக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடுதான் இதற்கு விடை. ஒவ்வொரு பாத்தியின் தலையிலும் ஒரு வண்ண வடிகட்டி: நாலு பாத்திக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். மனிதக் கண் நுணுக்கத்தை அதிகம் பிடிப்பது பச்சையில் என்பதால் இந்தப் பாகப்பிரிவினை. ஆனால் பச்சைப் பாத்தியில் சிவப்பும் நீலமும் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்துப் பாத்திகளைப் பார்த்துக் கேமரா ஊகித்துக்கொள்கிறது. புள்ளி வைத்துவிட்டால் நடுவில் இழை எப்படிப் போக வேண்டும் என்று கோலம் போடும் கைக்குத் தெரிகிற மாதிரி. 20 லட்சம் புள்ளி என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும், நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்தான்.

இந்த ஊகம் ஒரு நாள் திருபுவனத்தில் மாட்டிக்கொண்டது. அங்கே தறி வைத்திருந்த உறவுக்காரர் ஒருவர், புதுப் பட்டுச்சேலைகளைப் படம் எடுத்துத் தரச் சொல்லி அண்ணனைக் கூப்பிட்டார். அரக்குச் சேலையின் உடலில் பச்சையும் ஊதாவுமாக அலை அலையாக ஏதோ ஓடியது. "நான் போடாத சாயம் இதுல எப்படி மாப்ளே வந்துச்சு?" என்று மனிதர் பதறிப்போனார். கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்தால், வலையில் இல்லாத அலைகள் தெரியுமே, அதே சங்கதி. நெசவின் இழைகள் ஒரு வலை, கேமராவின் பாத்திகள் இன்னொரு வலை. இரண்டின் இடைவெளியும் நெருங்கி வந்தால் புதிதாக ஒரு அலை பிறக்கும். பாத்திக்குப் பாத்தி நிறம் வேறு என்பதால் அந்த அலை நிறத்தோடு பிறக்கும். இதைத் தணிக்க, சில்லுக்கு முன்னால் படத்தை ஒரு துளி மங்கவைக்கும் தகடு வைப்பதுண்டு. அண்ணன் கண்ட வழி இரண்டு எட்டு பின்னால் போய் நின்றது. அதுவும் வேலை செய்தது.

பொடிசுகளுக்குப் பிடித்த வித்தை வேறொன்று. டிவி ரிமோட்டைக் கேமராவுக்கு நேரே அமுக்கினால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத அதன் அகச்சிவப்பு ஒளி திரையில் வெளிர் ஊதாவாக மினுக்கும். சிலிக்கனுக்கு நம்மைவிடக் கூடுதல் பார்வை. அதைத் தடுக்கத்தான் உள்ளே ஒரு வடிகட்டி இருக்கும். முழுக்கத் தடுக்காது.

இத்தனையும் ரசிக்கத்தக்கவை. தாலி கட்டும் நேரத்தைத் தவறவிட்டதை மட்டும் யாரும் ரசிக்கவில்லை. சித்தப்பா மகள் கல்யாணத்தில், கெட்டிமேளம் என்று குரல் வந்ததும் அண்ணன் அமுக்கினான். படத்தில் இருந்தது அட்சதை போட்டு முடித்துக் கையைத் தட்டிக்கொள்ளும் மாமாக்கள். அமுக்கிய பிறகுதான் கேமரா யோசிக்கத் தொடங்கும். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றன என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்கும். கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் கூர்மை எளிதில் அகப்படாது, மறுபடி தேடும். பிறகு வெளிச்சத்தை அளக்கும், பாத்திகளில் ஏற்கெனவே தேங்கியதை வடித்துவிடும், அப்புறம்தான் படம். எல்லாமாக ஒரு நொடி ஆகிவிடும். மூன்று முடிச்சுக்கு ஒரு நொடி தாங்குமா? பொத்தானைப் பாதி அமுக்கிக் கூர்மையை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டு, நேரம் வந்ததும் மீதியை அமுக்கலாம் என்பது கையேட்டில் இருந்தது. கையேட்டை யார் படித்தார்கள்? அந்தக் கேமராவுக்குத் தோதான வேகத்தில் நகர்ந்தது நான் பார்த்தவரை திருவாரூர்த் தேர் ஒன்றுதான்.

ஆனாலும் 1975-இல் கோடக்கில் ஸ்டீவ் சாசன் கட்டிய முதல் டிஜிட்டல் கேமராவை நினைத்தால் ஒரு நொடியெல்லாம் புகாரே இல்லை. பத்தாயிரம் புள்ளி மட்டுமே கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய அதற்கு 23 நொடி ஆனது.

செல் விவகாரம் பற்றித் தனியாகவே எழுதலாம். நாலு பென்சில் செல். கும்பகோணத்தில் வாங்கிப் போட்டால் சுவாமிமலை போவதற்குள் தீர்ந்துவிடும் என்பது அண்ணனின் கணக்கு. தீர்ந்துபோனதாகக் கேமரா சொன்ன அதே செல்லைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும்! கடைக்காரர் போலி செல் விற்கிறார் என்று சண்டைக்குப் போனவர்கள்கூட உண்டு. கடைக்காரர்மேல் பழியில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு மின்தடை இருக்கிறது. உதாரணத்துக்கு அது 0.3 ஓம் என்று வையுங்கள். திரையும் பிளாஷும் சேர்ந்து ஒரு ஆம்பியர் இழுத்தால் செல்லுக்கு 0.3 வோல்ட் உள்ளேயே கரைந்துபோகும். நாலு செல்லுக்கு 1.2 வோல்ட். 6 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 4.8 தான் மிஞ்சும். தீரத் தீர உள்தடை இன்னும் ஏறும். கேமரா அணைந்துகொள்ளும். கடிகாரத்துக்கோ ஒரு மில்லி ஆம்பியர்கூட வேண்டாம், அதனால் தடை இருப்பதே அதற்குத் தெரியாது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லில் 1.2 வோல்ட்தான், ஆனால் உள்தடை மிகக் குறைவு. சிங்கப்பூரிலிருந்து அடுத்த முறை அவை வந்தபிறகுதான் வீட்டில் அமைதி திரும்பியது. அதுவரை எங்கள் வீட்டுக் கடிகாரம் ஒன்றுகூட நின்றதில்லை.

படங்களைச் சேமிக்கக் கேமராவோடு வந்த அட்டை 8 எம்பி. 1600க்கு 1200 புள்ளி, புள்ளிக்கு மூன்று பைட் என்று பெருக்கினால் ஒரு படம் 57 லட்சத்து 60 ஆயிரம் பைட். அட்டையில் ஒன்றுதான் அடங்கும். 1997-இல் சோனி கொண்டுவந்த மாவிகா கேமரா சாதாரண 1.44 எம்பி பிளாப்பியில் படம் பதிந்தது. அதன் 640க்கு 480 படமும் சுருக்காமல் வைத்தால் ஒன்றுக்குமேல் ஏறாது. ஒரு பிளாப்பியில் 20, 30 என்று ஏற்ற வழி செய்தது ஜேபெக் என்ற சுருக்குமுறை. படத்தை 8க்கு 8 புள்ளிச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். வெறும் வானத்தில் கழிக்க நிறைய உண்டு, படம் சிறுத்துவிடும். கதிர் முற்றிய சம்பா வயலில் தாளுக்குத் தாள் நுணுக்கம், சுருங்க மறுக்கும். இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று காட்டும் எண், வயலைக் கண்டால் தடதடவென்று இறங்கியதற்கும் ஆற்றையும் வானத்தையும் எடுத்தால் அசையாமல் நின்றதற்கும் அதுதான் காரணம். அட்டை நிறைந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போய் சீரியல் கேபிளைச் செருகுவான் அண்ணன். நொடிக்கு 1,15,200 பிட் என்ற அதன் உச்ச வேகத்தில்கூட 8 எம்பி இறங்கப் பதினோரு நிமிஷத்துக்குமேல். பத்தாவது நிமிஷத்தில் கரண்ட் போகும்.

இன்றைய போன்களில் சிசிடி இல்லை, சிமாஸ் என்ற வேறு வகைச் சில்லு. வயலுக்கு வயல் பாய்ச்சல் போய், வயலுக்கொரு போர் போட்ட மாதிரி ஒவ்வொரு பாத்தியிலும் தனி மின்பெருக்கி. கேஸ் லைட் கோடு ஒழிந்தது. ஆனால் பெரும்பாலான போன்களில் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் படிக்கப்படுகின்றன. முதல் வரிசை படிக்கப்படும் நேரம் ஒன்று, கடைசி வரிசைக்கு வேறு.

போன மாதம் தஞ்சாவூர் பஸ்ஸில் அண்ணன் மகன் ஜன்னல் வழியாகப் படம் எடுத்துவிட்டு, "சித்தப்பா, கரண்டுக் கம்பமெல்லாம் ஏன் சாஞ்சிருக்கு?" என்றான். போனைப் படுக்கவைத்துப் பிடித்திருந்தான். நிமிர்த்திப் பிடித்து எடுக்கச் சொன்னேன். கம்பம் நேராக நின்றது, கொஞ்சம் இளைத்துப்போய். எதிர்ப்பக்க ஜன்னலுக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அந்தப் பக்கம் தாவிவிட்டான்.