படத்தின் பின்பக்கம்

சென்ற மாதம் ஒரு குடும்பத்தார் நான் பணிபுரியும் ஆவணக் காப்பகத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட நிழற்படங்களைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் இனப்படுகொலையில் மாண்ட உறவினர்களின் படங்கள். பழைய ஆல்பத்தைக் கரையான் அரித்துவிட்டதால், பேரப்பிள்ளைகள் மிகுந்த அக்கறையோடு படங்களை உரித்தெடுத்துப் புதிய அட்டைகளில் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். ஒரு படம் மட்டும் மூலையில் சற்றுப் பிரிந்திருந்தது. மெல்லத் தூக்கிப் பார்த்தபோது, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒரு பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் தெரிந்தன. மற்றவை பசையோடு போய்விட்டன. இந்த ஆண்டில் இப்படி வந்து சேர்ந்தது இது நான்காவது முறை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

படங்களை மேசையில் பரப்பியதும் அவர்கள் கேட்டது, வருகிற எல்லோரும் கேட்கும் கேள்விதான்: "மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று காட்டினால்தானே இனப்படுகொலை என்று ஒப்புக்கொள்வார்கள்?" இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இந்த மயக்கம் தீர்வதாக இல்லை. 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட இனப்படுகொலை உடன்படிக்கையில் இத்தனை பேர் இறந்திருக்க வேண்டும் என்று ஓர் எண் எங்கும் கிடையாது. ஒரு தேசிய, இன, நிற அல்லது சமயக் குழுவை, அந்தக் குழு என்ற காரணத்துக்காக, முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததா என்பதே கேள்வி. அந்த நோக்கத்தோடு செய்யப்படுபவையாக உடன்படிக்கை சொல்லும் ஐந்து செயல்களில் கொலை ஒன்று மட்டுமே. பிறப்பைத் தடுப்பதும், பிள்ளைகளை வலிந்து வேறொரு குழுவிடம் சேர்ப்பதும் அதே வரிசையில்தான் வருகின்றன. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் ஏறத்தாழ 8,000 பேர். முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயம் அதை 2001-இல் இனப்படுகொலை என்று தீர்மானித்தது. 2004-இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. எண்ணிக்கையை நீதிபதிகள் பார்க்காமல் விடுவதில்லை. ஆனால் வழக்கு நின்றதும் விழுந்ததும் நோக்கத்தில்தான்.

நோக்கத்தை யாரும் வாய்விட்டு ஒப்புக்கொள்வதில்லை. அது பட்டியல்களிலும் உத்தரவுகளிலும் அடையாள அட்டைகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெல்ஜிய ஆட்சி 1930-களில் ருவாண்டாவின் அடையாள அட்டையில் சேர்த்த 'இனம்' என்ற ஒரு வரி, 1994-இல் சாலைத் தடுப்புகளில் யாரைக் கொல்வது என்று காட்டிக்கொடுத்தது. அங்கே ஒரு வானொலி அதற்கு முன்பே, பின்னர் கொல்லப்பட்ட துட்சி இன மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று அழைக்கத் தொடங்கியிருந்தது. இவற்றை நாம் வைத்திருப்பது துக்கம் கொண்டாட அல்ல. உடன்படிக்கையின் பெயரிலேயே தண்டித்தலுக்கு முன்னால் 'தடுத்தல்' இருக்கிறது. கடுமையான ஆபத்து இருப்பதை ஓர் அரசு அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய, அந்தக் கணத்திலேயே தடுக்கும் கடமை தொடங்கிவிடுகிறது என்று பன்னாட்டு நீதிமன்றம் 2007-இல் சொன்னது. முந்தைய அழிவுகளின் காகிதங்களைப் படித்துப் பழகாதவருக்கு அடுத்த ஆபத்து கண்ணில் படுவது கடினம்.

போலந்தின் வார்சா நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ என்ற பகுதிக்குள் அடைபட்ட வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளும் இதை எங்களுக்கெல்லாம் முன்பே அறிந்திருந்தார். அவருடைய குழு நாட்குறிப்புகளோடு ரேஷன் அட்டைகள், டிராம் சீட்டுகள், மிட்டாய் உறைகள் வரை சேர்த்துத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணில் புதைத்தது. குழுவில் தப்பிப் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் இடத்தைக் காட்டியதால்தான் 1946-இல் ஒரு பகுதி கிடைத்தது. 1950-இல் இன்னொரு பகுதி. நம்மவர்களோ சடலங்களின் படங்களை ஆயிரம் பேருக்கு அனுப்புகிறார்கள், ரேஷன் அட்டையைக் குப்பையில் போடுகிறார்கள்.

எனவே தயவுசெய்து ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், 'அழகாக்குகிறேன்' என்று ஓரங்களை வெட்டாதீர்கள். கைப்பேசியில் எடுத்த காட்சியை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் தரம் குறைவதோடு, எப்போது, எங்கே எடுத்தது என்று கோப்புக்குள் பதிந்திருந்த விவரமும் போய்விடும். எடுத்த கைப்பேசியிலிருந்தே மூலக் கோப்பை நகலெடுத்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். கோப்பின் பெயரையும் மாற்ற வேண்டாம்.

பெரியவர்களிடம் பேச்சைப் பதிவு செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "அவர்கள்தானே உங்கள் வீட்டுக்குத் தீ வைத்தார்கள்?" என்று கேட்டு, தலையசைப்பை வாங்கி வராதீர்கள். "அன்று காலையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று தொடங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். "நினைவில்லை" என்று அவர் சொன்னால் அந்த வார்த்தையையும் பதிவில் விட்டுவையுங்கள். எதையும் மறக்காத சாட்சியைத்தான் நாங்கள் சந்தேகத்தோடு பார்ப்போம். அவர் அழுதால் கருவியை நிறுத்துங்கள். மீண்டும் தொடங்குவதா என்பதை அவரே சொல்லட்டும்.

அந்தப் படங்களையெல்லாம் அட்டையிலிருந்து பிரிக்க இப்போது ஒவ்வொன்றாக முயன்றுவருகிறோம். பாட்டி இன்னும் உயிரோடிருக்கிறார் என்று அந்தக் குடும்பத்தார் கிளம்பும்போதுதான் சொன்னார்கள். படங்களின் நகல்களைக் கையில் கொடுத்து, மென்மையான பென்சிலோடு அன்று மாலையே அவரிடம் போகச் சொன்னேன்.