கொலஸ்ட்ரால் மாத்திரை "ஒத்துக்கொள்ளாத" போது உடலுக்குள் நடப்பது என்ன?

சிங்கப்பூரில் எந்தப் பலதுறை மருந்தகத்துக்குச் சென்றாலும், மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி வந்துவிடும்: "உங்களுக்கு மருந்து ஒவ்வாமை ஏதும் இருக்கிறதா?" "கொலஸ்ட்ரால் மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று நம் வீட்டுப் பெரியவர்களில் சிலர் இதற்கு உடனே பதில் சொல்வார்கள். வயிற்றுப் பொருமல், கால்வலி, தோல் தடிப்பு, மூச்சுத்திணறல் என எல்லாவற்றையும் தனக்குள் அடக்கிக்கொள்ளும் தாராளமான சொல் "ஒத்துக்கொள்ளாது" என்பது. மருத்துவர்கள் "ஒவ்வாமை" என்று எழுதும்போது அந்தத் தாராளம் இருப்பதில்லை. மருந்தையோ மருந்து ஒட்டிக்கொண்ட புரதத்தையோ பகை எனக் கருதி நோய் எதிர்ப்பாற்றல் கிளர்ந்தெழுந்தால் மட்டுமே அது ஒவ்வாமை.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் வகை மாத்திரைகளால் ஏற்படுவதாகச் சொல்லப்படும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த வரையறைக்குள் வருவதில்லை. முன்பு ஸ்டேட்டின் ஒத்துக்கொள்ளாமல் நிறுத்திய 60 பேரிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டேட்டின் உண்ட மாதங்களில் அவர்கள் உணர்ந்த தொல்லையில் சுமார் 90 விழுக்காடு, மருந்தே இல்லாத போலி மாத்திரையை உண்ட மாதங்களிலும் தோன்றியது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளில்லை. வலி உண்மையானது, அதற்கான காரணம்தான் வேறு. ஆனால் மிச்சமிருக்கும் சிறு பங்கினுள், மிக அரிதாக, உண்மையான ஒவ்வாமையும் ஒளிந்திருக்கிறது. அதைத் தவறவிடக் கூடாது.

ஜப்பானிய அறிவியலாளர் அக்கிரா எண்டோ 1970களில் முதல் ஸ்டேட்டினைப் பிரித்தெடுத்தது பெனிசிலியம் சிட்ரினம் என்னும் பூஞ்சையிலிருந்து. இதைக் கேட்டதும், பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அச்சம் எழுவது இயல்பே. பூஞ்சைக் குடும்பம் ஒன்றாயினும் இரண்டு மூலக்கூறுகளின் அமைப்புக்கும் தொடர்பில்லை. ஆகவே அந்த அச்சம் தேவையற்றது.

ஸ்டேட்டின் மிகச் சிறிய மூலக்கூறு. அவ்வளவு சிறிய பொருளை நோய் எதிர்ப்பாற்றல் பொதுவாகத் தனியே கண்டுகொள்வதில்லை. அது உடலின் புரதம் ஒன்றில் ஒட்டிக்கொள்ளும்போது, பழகிய புரதம் அந்நிய முகம் காட்டத் தொடங்குகிறது. அதற்கு எதிராக ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள் உருவாகியிருந்தால், அடுத்த முறை மாத்திரையை விழுங்கிய சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ மாஸ்ட் செல்கள் என்னும் எதிர்ப்பாற்றல் உயிரணுக்கள் தூண்டப்பட்டு, ஹிஸ்டமின் என்னும் அழற்சிப் பொருளைக் கொட்டுகின்றன. தோலில் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சிரைப்பு, இரத்த அழுத்தம் சரிதல் ஆகியவை தொடரலாம். மூச்சு முட்டினால் மறுநாள் மருத்துவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் 995 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்துக்கும் இடமுண்டு. கொலஸ்ட்ரால் மாத்திரை உண்பவர்களில் பலர் இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் அல்லது லிசினோப்ரில் உண்பவர்களாகவும் இருக்கிறார்கள். பிராடிகைனின் என்ற பொருளை உடலில் தேங்கச் செய்து உதட்டையும் நாக்கையும் வீங்கவைக்கும் இயல்பு இவ்வகை மருந்துகளுக்கு உண்டு. அதுவும் பல ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று. அந்த வீக்கத்தில் அரிப்போ தடிப்போ பொதுவாக இருப்பதில்லை. ஒவ்வாமைக்கான மாத்திரைக்கும் அது அடங்குவதில்லை. குற்றவாளியை விட்டுவிட்டு, அப்பாவியான ஸ்டேட்டினை நிறுத்திவிட்டால் வீக்கம் மீண்டும் வரும்.

மெதுவாக வருகின்ற ஒவ்வாமைகளை டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் நடத்துகின்றன. மருந்து தொடங்கிச் சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல், உடலெங்கும் சிவப்பு, நெறி கட்டுதல், கல்லீரல் பாதிப்பு ஆகியவை சேர்ந்து வரலாம். வாயிலும் கண்ணிலும் புண் தோன்றித் தோல் உரிவது இவற்றுள் மிகக் கொடியது. ஸ்டேட்டினால் அது மிக மிக அரிதாகவே நேர்கிறது. வெயில் பட்ட இடம் மட்டும் சிவந்து தடிப்பதும் பதிவாகியுள்ளது. ஆண்டு முழுவதும் வெயில் சுடும் நம் தீவில் அதை வெறும் வேர்க்குரு என்று விட்டுவிடுவது எளிது.

எனக்கு மிக வியப்பூட்டுவது இன்னொரு வகை. ஸ்டேட்டின் தடுப்பது எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்னும் நொதியை. கொலஸ்ட்ரால் உற்பத்தியில் முக்கியப் படியை நடத்துவது அதுதான். தடை விழுந்ததும் உயிரணுக்கள் ஈடுகட்டுவதற்காக அதே நொதியைக் கூடுதலாகச் செய்கின்றன. ஸ்டேட்டின் உண்பவர்களில் லட்சத்தில் இரண்டு மூன்று பேர் என்ற அளவில், நோய் எதிர்ப்பாற்றல் இந்த நொதியையே பகையாகக் கருதி எதிர்ப்பொருள் உருவாக்குகிறது. எச்எல்ஏ-டிஆர்பி1*11:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இதற்கான வாய்ப்பு அதிகம். அந்தத் தாக்குதலில் சிக்கும் தசை தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முயல்கிறது. புதுப்பிக்கும் தசையில் அந்த நொதி மேலும் மிகுதி. ஆகவே தாக்குதலுக்கு இலக்கு கூடுகிறது, சிதைவும் கூடுகிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் இந்தச் சுழல் நிற்பதில்லை. சாதாரண ஸ்டேட்டின் தசைவலி நிறுத்திய சில வாரங்களில் அடங்கிவிடும் என்பதால், இந்த இரண்டையும் பிரித்தறிய காலமே நல்ல தடயம்.

இந்தத் தசைத் தாக்குதலில் வலியைவிடப் பலவீனமே முன்னிற்கும். தரையில் அமர்ந்தவர் கைகொடுத்தால்தான் எழுகிறார். மேம்பாலப் படிக்கட்டில் தொடை ஒத்துழைக்க மறுக்கிறது. தலைவாரக் கை உயர்வதில்லை. மாத்திரை தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தும் இது வரக்கூடும் என்பதால், பலர் வயதின் மேல் பழிபோட்டுவிடுகிறார்கள். தசை சிதையும்போது கசியும் கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதியின் அளவு இரத்தத்தில் இயல்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் உயர்வது வழக்கம். எதிர்ப்பொருளுக்கெனத் தனி இரத்தப் பரிசோதனையும் உண்டு. நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் சிகிச்சை பல மாதங்கள் தேவைப்படலாம்.

தோல் தடிப்பு மட்டும் கண்டவருக்கு மருத்துவர் வேறு ஸ்டேட்டினைக் கவனமாகத் தொடங்கிப் பார்க்கலாம். எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் நொதிக்கு எதிராக எதிர்ப்பொருள் கொண்டவருக்கு எந்த ஸ்டேட்டினும் ஆகாது. அவர்களுக்கு எவலோகுமாப், அலிரோகுமாப் போன்ற ஊசி மருந்துகள் மாற்றாகின்றன. ஆகவே "ஒத்துக்கொள்ளாது" என்று சொல்வதோடு நில்லாமல், எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், தொடங்கி எத்தனை நாளில், என்ன நடந்தது என்பதைக் குறித்துவைத்துச் சொன்னால், சுகாதாரப் பதிவேட்டில் ஏறும் அந்த ஒரு வரிக்கு மதிப்பு கூடும். தடிப்பைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பதும் உதவும்.

மாத்திரையை விட்டுவிட்டு, "இது இயற்கையானது" என்று சிவப்பு ஈஸ்ட் அரிசி வாங்கி உண்பவர்களும் நம்மிடையே உண்டு. சீன மருந்துக் கடைகளில் பழக்கமான பொருள்தான். அதிலுள்ள மொனகோலின் கே என்பது, 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஸ்டேட்டினான லோவாஸ்டேட்டினேதான். பெயர் மாறியதற்காக எதிர்ப்பொருள் ஏமாறுவதில்லை.