தோல் டாக்டர் பக்கத்தில் இல்லையா? தொலைவிலிருந்தே கேட்க விதி இடம் தருகிறது

மலைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக டியூட்டி பார்க்கும் டாக்டருக்கு, ஒரு தடிப்பைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்காது. அதற்காக நோயாளியை நாள் முழுக்க பஸ்ஸில் அலையவிட வேண்டாம். 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பதிவு பெற்ற மருத்துவர் தன் நோயாளிக்காக இன்னொரு மருத்துவரிடமோ சிறப்பு மருத்துவரிடமோ தொலைவிலிருந்தே ஆலோசனை கேட்கலாம். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு இசஞ்சீவனி (eSanjeevani) என்ற மத்திய அரசின் தொலைமருத்துவச் சேவை இருக்கிறது, நோயாளிக்குச் செலவில்லை.

பலரும் கவனிக்காத விஷயம் பொறுப்பு யாருடையது என்பதுதான். ஆலோசனை கேட்ட பிறகும் சிகிச்சை தருபவர் நீங்கள்தான், நோயாளிக்குச் சொல்லும் மருந்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு என்று அந்த நெறிமுறை சொல்கிறது. அதனால் கேட்டது என்ன, வந்த பதில் என்ன, நீங்கள் முடிவு செய்தது என்ன என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். ஆலோசனைக்கு அனுப்பத் தோலைப் படம் எடுக்கும் முன் நோயாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள், முகம் தேவையில்லை என்றால் முகம் வேண்டாம்.

நல்ல பதில் வருவது நீங்கள் அனுப்புவதைப் பொறுத்தது. தூரத்திலிருந்து ஒன்று, கிட்டே ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று, எல்லாம் பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல். எத்தனை நாளாக இருக்கிறது, அரிக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, அப்புறம் முக்கியமாக இதுவரை என்ன க்ரீம் தடவினார்கள்? மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு க்ரீமைப் பூசிப் பூசி உருமாறிப்போன படர்தாமரையைப் படத்தை மட்டும் பார்த்து அடையாளம் காண்பது தோல் டாக்டருக்கே கஷ்டம். வெளிறிய தேமல் என்றால் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று நீங்களே பார்த்து எழுதுங்கள், ஏனென்றால் தொழுநோயில் உணர்ச்சி போயிருப்பதை எந்த கேமராவும் காட்டாது.

சில நிலைமைகளில் பதிலுக்குக் காத்திருக்கவே கூடாது. மருந்து சாப்பிட்ட பிறகு தோல் உரிந்து வாயும் கண்ணும் புண்ணாவது, காய்ச்சலோடு அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள், உடம்பு முழுக்கச் சிவந்து உரிவது இதெல்லாம் அவசர கேஸ். முதலில் 108-ல் ஏற்றி அனுப்புங்கள், படத்தை வண்டி கிளம்பின பிறகு அனுப்பிக்கொள்ளலாம்.