சொக்லேட்: காய்ச்சுவதா, கடிப்பதா?

போன மார்கழியில் ரொறன்ரோவிலிருந்து மருமகள் வந்து நின்றாள். மூன்று நாளாக விடாத மழை. கனடாக் குளிரில் வளர்ந்த பிள்ளைக்கே எங்கள் ஈரக்குளிர் ஒத்துவரவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து, "மாமா, ஹொட் சொக்லேட் போட்டுத் தாங்கோ" என்றாள். குசினிக்குள் நின்ற அம்மா எட்டிப் பார்த்து, "அதென்ன மோனை, கண்டோசைக் காய்ச்சிறதோ?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால், அம்மா கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை.

முதலில் அந்தக் கண்டோஸ். அது இலங்கையில் செய்யப்படும் சொக்லேட் ஒன்றின் வியாபாரப் பெயர். யாழ்ப்பாணத்தில் அது பொருளின் பெயராகவே மாறிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பெட்டியில் சுவிஸ் சொக்லேட் வந்தாலும் அம்மாவுக்கு அது கண்டோஸ்தான். கண்டோஸ் என்றால் மினுங்கும் தாளைப் பிரித்து, கட்டி கட்டியாக உடைத்து, ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக் கடிப்பது. அதைப் போய் ஏன் அடுப்பில் வைக்கவேண்டும்?

சொல்லின் கதை இதற்கு நேர்மாறானது. சொக்லேட் என்பது முதலில் ஒரு பானத்தின் பெயர். அதைக் கட்டியாகக் கடித்துத் தின்னும் பழக்கம் பரவி இன்னும் இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை.

ஆங்கிலம் இந்தச் சொல்லை ஸ்பானிய மொழியிலிருந்து எடுத்தது. ஸ்பானியர் அதை மெக்சிக்கோவில், அஸ்ரெக் மக்கள் பேசிய 'நாவாட்டில்' என்ற மொழியின் சூழலில் கற்றார்கள். அதுவரை தகராறு இல்லை. அதற்குப் பின்னால்தான் ஆளுக்கொரு கதை. எங்கும் காணக்கிடைப்பது, 'சொகோலாட்டில்' என்றால் 'கசப்பு நீர்' என்ற விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மொழியில் 'சொகொக்' என்றால் புளிப்பு. கசப்புக்கு 'சிச்சிக்' என்று வேறு சொல் இருக்கிறது. அதைவிட, ஆரம்பகால ஏடுகளில் அந்தப் பானத்துக்குக் காணப்படும் பெயரே 'ககவாட்டில்'. ககாவ் என்றால் கொக்கோ, ஆட்டில் என்றால் தண்ணீர். கொக்கோத் தண்ணி. நாங்கள் தேயிலையோடு தண்ணியைச் சேர்த்துத் தேத்தண்ணி என்கிறோமே, அச்சு அசல் அதே கட்டு!

கரன் டேக்கின், சோரன் விக்மன் என்ற இரு மொழியியலாளர்கள் 2000 ஆம் ஆண்டில் இன்னொரு வழி சொன்னார்கள். சில கிளைமொழிகளில் 'சிகோலாட்டில்' என்ற வடிவம் இருக்கிறது. அதுவே மூலம், அதன் முற்பாதி பானத்தைக் கலக்கும் தடியைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது என்பது அவர்கள் கருத்து. முடிந்த முடிவு என்று சொல்லமுடியாது. என் மனம் மட்டும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. காரணம் எங்கள் வீட்டு மத்துதான். மோர் கடைய வைத்திருக்கும் அந்தத் தடியைப் போலவே மெக்சிக்கோவில் 'மொலினிய்யோ' என்று ஒரு மரக்கடைதடி இருக்கிறது. அதை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து உருட்டி உருட்டித்தான் இன்றும் சொக்லேட்டை நுரைக்க வைக்கிறார்கள். அதற்கு முந்திய காலத்தில், பாத்திரத்தை உயரத் தூக்கி மற்றப் பாத்திரத்துக்குள் ஊற்றி நுரை எழுப்பினார்களாம். அதைத்தானே நாங்கள் ஆத்துதல் என்கிறோம். அவர்கள் குடித்ததில் பாலும் இல்லை, சீனியும் இல்லை. மிளகாய், வனிலா, சோளமா என்று சேர்த்தார்கள். எங்கள் நாக்குக்கு அது கூழுக்குக் கிட்டவாக இருந்திருக்கும்.

கொக்கோ என்ற சொல்லில் இன்னொரு குழப்பம். ககாவ் ஸ்பானியத்தில் 'ககாவோ' ஆகி, ஆங்கிலத்துக்குள் வந்ததும் 'கோகோ' என்று திரிந்தது. தேங்காய்க்கு இருந்த பெயரும் கிட்டத்தட்ட அதே ஒலி. 1755 இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதியில் தேங்காயும் கொக்கோவும் ஒரே தலைப்பின் கீழே கலந்துபோயின. தென்னை நிற்கும் வளவுக்காரர்களுக்கு இப்படி ஒரு மயக்கம் வர வாய்ப்பே இல்லை. கொக்கோ மரம் எங்கள் வரண்ட மண்ணில் நிற்காது. மாத்தளை, கண்டிப் பக்கம் போனால் காணலாம். 1753 இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயசு அதற்கு வைத்த பேரினப் பெயர் 'தியோபுரோமா', தேவர் உணவு. தமிழில் அமிர்தம் என்றே சொல்லிவிட்டுப் போகலாம்.

இனி எங்கள் வாய்க்கு வருவோம். தமிழகத்தார் 'சாக்லேட்' என்று எழுதுகிறார்கள், நாங்கள் 'சொக்லேட்' என்கிறோம். பழைய ஆட்கள் சிலர் 'சொக்கிலேற்' என்றும் எழுதினார்கள். இது எழுத்துப்பிழை அல்ல. டாக்டர்–டொக்டர், ஆபீஸ்–ஒஃபிஸ் என்று வரிசையாகப் பாருங்கள்: ஆங்கிலத்தின் அந்த உயிரொலியை அங்கே ஆகாரமாகவும் இங்கே ஒகரமாகவும் கேட்டிருக்கிறார்கள். இரண்டும் சரி.

தனித்தமிழ் என்று தேடினால் 'காவிக்கண்டு' கிடைக்கும். காவி நிறத்துக் கற்கண்டு. அழகான ஆக்கம்தான், ஆனால் கட்டிக்கு மட்டுமே பொருந்தும். 'சூடான காவிக்கண்டு' என்று சொல்லிப் பாருங்கள், பல்லைச் சுடும் ஏதோ ஒன்று போலிருக்கிறது. புதுச்சொல் எங்கள் பக்கம் நிற்காது என்றும் இல்லை. பேக்கரிக்கு வந்த வெதுப்பகம் இன்றும் கடைப்பலகைகளில் இருக்கிறது, ஐஸ்கிறீமுக்குக் குளிர்களி இருக்கிறது. களி எங்களுக்குத் தெரிந்த பண்டம், அதனால் குளிர்களியை ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

சரி, பானத்துக்கு என்ன பெயர்? ஒன்றல்ல, இரண்டு வேண்டும். கொக்கோ விதையில் பாதியளவு கொழுப்பு. 1828 இல் ஒல்லாந்து நாட்டின் வான் ஹௌட்டன் குடும்பம் அதைப் பிழிந்தெடுக்கும் அழுத்தப்பொறிக்கு உரிமம் பெற்றது. பிழிந்தபின் எஞ்சிய பிண்ணாக்கை இடித்தால் கொக்கோத் தூள். பிழிந்த கொழுப்பை, தூளோடும் சீனியோடும் திரும்பச் சேர்த்து 1847 இல் பிரிஸ்டலில் ஃப்ரை கொம்பனி வார்த்ததுதான் கடித்துத் தின்னும் கட்டி. ஆகவே தூளில் செய்வது பெருமளவு கொழுப்பு நீங்கிய பானம். கட்டியை உருக்கிச் செய்வது கொழுப்போடு கூடியது. மருமகள் கேட்டது இரண்டாவது. மைலோ, ஓவல்டின் எல்லாம் மூன்றாவது சாதி, அவற்றில் மோல்ட் என்கிற முளைவிட்ட பார்லிதான் முன்னுக்கு நிற்கும்.

செய்துபார்த்தால் இந்த வித்தியாசம் உடனே தெரியும். இரண்டு பேருக்கு 400 மில்லிலீற்றர் பசுப்பால், 80 கிராம் கறுப்புச் சொக்லேட், ஒரு மேசைக்கரண்டி கொக்கோத் தூள், ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு கிள்ளு உப்பு, சிறுதுண்டு கறுவா. சொக்லேட் வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கொக்கோ பட்டர் என்று இருக்கவேண்டும். வேறு தாவரக் கொழுப்பு என்று இருந்தால் உருகுமே தவிர, வாயில் மெழுகு பிடித்த மாதிரி நிற்கும். தூளையும் சீனியையும் உலர்வாகக் கலந்து, இரண்டு கரண்டி சூடான பால் விட்டுக் குழம்பாகக் குழையுங்கள். தூளில் இன்னும் கொஞ்சம் கொழுப்பு இருப்பதால் நேரே பாலில் கொட்டினால் நனையாமல் கட்டிகட்டியாக மிதக்கும். முதல் தரம் எனக்கு அதுதான் நடந்தது, அரிதட்டு எடுக்கவேண்டி வந்தது.

மிச்சப் பாலைக் கறுவாவோடு சூடாக்கி, ஓரத்தில் குமிழி வரும்போதே இறக்கிவிடுங்கள். குழைத்ததை அதில் கரைத்து, பொடியாக நறுக்கிய சொக்லேட்டையும் போட்டு, இரண்டு நிமிடம் பேசாமல் விடுங்கள். சொக்லேட்டைத் தனியே உருக்கப்போகவேண்டாம். உருகியதில் நாலு துளி தண்ணீர் பட்டால் மண் மாதிரி இறுகிவிடும். நிறையப் பாலுக்குள் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. பிறகு மத்தால் கடையுங்கள். நுரை எழும்பும்போது, அந்த இரு மொழியியலாளர்களும் சொன்னது சரியாகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றும். கடைசியாக உப்பு. சீனிக்குப் பதில் பனங்கட்டி போட ஆசையென்றால் தூளைத் தனியே குழைத்துக்கொண்டு, பனங்கட்டியைச் சீவி இறக்கிய பிறகே போடுங்கள். அடுப்பில் இருக்கும்போது போட்டால் சிலவேளை பால் திரைந்துவிடும். இன்னும் தடிப்பாக வேண்டுமென்றால், ஒரு தேக்கரண்டி சோளமாவைக் குளிர்ந்த பாலில் கரைத்து, பால் சூடாகும்போதே விட்டுத் துழாவலாம்.

தூளில் மட்டும் செய்வதைக் 'கொக்கோப் பால்' என்போம், அதில் சிக்கல் இல்லை. கட்டியை உருக்கியதற்கு 'சொக்லேட் பால்' என்று முதலில் எழுதிவைத்தேன். ஆனால் கடையில் குளிரக் குளிர விற்பதும் சொக்லேட் பால்தான். 'சூடான சொக்லேட்' ஆங்கிலத்தை அப்படியே தூக்கி வைத்தது. ஆறினால் பெயர் மாறுமா? எங்களுக்கு வினை இருக்கிறது. தேத்தண்ணியை ஊற்றுகிறோம், கோப்பியைப் போடுகிறோம். பாலையும் கஞ்சியையும் கூழையும் காய்ச்சுகிறோம். தடிப்பாக, துழாவித் துழாவி ஆக்குவதற்குக் காய்ச்சுதல்தான் பொருத்தமான வினை. அம்மா யோசிக்காமலே அதைத்தான் சொன்னார். எழுத்தில் 'காய்ச்சிய சொக்லேட்' போதும் என்று நினைக்கிறேன்.

வீட்டில் வேறு பெயர் நிலைத்துவிட்டது. ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போன மருமகள் போன கிழமை குரல்செய்தி அனுப்பியிருந்தாள்: "மாமா, காய்ச்சின கண்டோசுக்குப் பால் எவ்வளவு?"