டிஸ்க்கின் உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை

போன கார்த்திகையில் ஒரு ஏழு சீட்டு வண்டி பட்டறைக்கு வந்தது. மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்துக் குடும்பம். ஓய்வுபெற்ற வாத்தியார்தான் ஓட்டி வந்தார். “தம்பி, முன்னாடி பிரேக் டிஸ்க்கு, பேடு எல்லாம் புதுசா போட்டு ஒன்பது மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள கீச்சு கீச்சுங்குது” என்றார். பின் சீட்டிலிருந்த அம்மா விடவில்லை. “ரெண்டு வாரமா கத்துதுப்பா. இவங்க பாட்டு சத்தத்தக் கூட்டி வச்சுக்கிட்டு ஓட்டுறாங்க.”

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் பேடுகள் அதை இறுக்கிப் பிடிக்கும். அலாய் வீலின் இடுக்கு வழியாகப் பார்த்தால் டிஸ்க் பளபளவென்று இருந்தது. நிறைய பேர் அங்கேயே திருப்தி ஆகிவிடுகிறார்கள். இடது முன்சக்கரத்தைக் கழற்றி, ஆறிய பிறகு டிஸ்க்கின் பின்பக்கம் விரலை வைத்தேன். ஏர் ஓட்டிய வயல் மாதிரி வரி வரியாகப் பள்ளம். வெளிப் பேடில் 7 மி.மீ. மிச்சம் இருந்தது. உள் பேடோ ஆப்பு மாதிரி சாய்ந்து தேய்ந்து, ஒரு ஓரத்தில் பின்னால் இருக்கும் இரும்புத் தகடே டிஸ்க்கை உரசிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்குக் கேட்ட சத்தம் அதுதான்.

மைக்ரோமீட்டரில் இடது டிஸ்க் 19.8 மி.மீ., வலது 21.6. புதிதாக இருக்கும்போது இரண்டும் 22. எவ்வளவு தேயலாம் என்ற குறைந்தபட்சக் கனத்தைப் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள், இதில் 20. இங்கே வெர்னியர் வைத்து அளந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. டிஸ்க்கின் விளிம்பில் பேடு படாத இடம் துருவோடு வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். வெர்னியரின் தாடை அதில் தட்டி நின்று, தேய்ந்த டிஸ்க்கையும் நல்ல டிஸ்க் என்று காட்டிவிடும்.

சரி, ஒரு பக்கம் மட்டும் ஏன் இப்படி? டெல்டாவில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வசதி இருக்கிறது. இங்கே மலை இறக்கம் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை தரை தட்டையாகத்தான் கிடக்கிறது. ஏற்காடு, கொடைக்கானல் போய் வராத வண்டியில் டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால், பேடு டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கையால் சுற்றினேன். லேசாக உரசுவது சகஜம். ஆனால் வலது சக்கரம் மூன்று சுற்று ஓடியது. இடது அரைச் சுற்றிலேயே நின்றது. அப்புறம் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வியான காலிபரில் இருக்கும் பிளீடிங் நிப்பிளை, அதாவது ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றும் திருகை, கொஞ்சம் திறந்தேன். திறந்ததும் சக்கரம் விட்டுவிட்டால், பிரேக் ஆயில் அழுத்தம் உள்ளேயே அடைபட்டு நிற்கிறது என்று பொருள். ஆயில் வரும் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கலாம், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மக்கர் செய்யலாம். இதில் நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை. அப்படியானால் கோளாறு ஆயிலில் இல்லை, காலிபர் வழுக்கி நகரும் கம்பியான பின்னிலோ (pin), பேடைத் தள்ளும் பிஸ்டனிலோதான். இதை வீட்டு வாசலில் செய்து பார்க்காதீர்கள். நிப்பிளைத் திறந்தால் ஆயிலில் புகுந்த காற்றைத் திரும்ப வெளியே எடுத்தாக வேண்டும். ஸ்டெப்னி மாற்றும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை விடவும் கூடாது.

குடும்ப வண்டிகளில் பெரும்பாலும் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அது உள் பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிபர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி, வெளிப் பேடை இழுத்துக்கொண்டு வரும். பின் இறுகினால் காலிபர் நகராது, உள் பேடே எல்லா வேலையும் செய்யும். ஒரு பின் மட்டும் இறுகினால் பேடு சாய்வாகத் தேயும். இதில் கீழ்ப் பின்னைச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, உள்ளே வண்டல் மண் காய்ந்து ஓடாகியிருந்தது. பின்னின் நுனியில் இருக்கும் ரப்பர் புஷ் உப்பிப்போயிருந்தது. டிஸ்க் மாற்றியவர் சாதாரண வீல் பேரிங் கிரீஸைத் தடவியிருக்கிறார். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் வீங்கிவிடும், அங்கே சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும். புது டிஸ்க் போட்ட கையே அதற்குக் குழியும் தோண்டியிருக்கிறது.

மிச்சத்தை நம் ஊர்ச் சாலைகள் பார்த்துக்கொண்டன. அறுவடைக் காலத்தில் சாலையில் பரப்பிய வைக்கோல் மேல் ஓட்டினால், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தூசித் தடுப்புத் தகட்டில் அது சுருண்டு உட்கார்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் சேறு இடுக்கெல்லாம் அப்பும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. இதற்கு மேல், கல்யாணம், கோயில் என்று மாதம் இரண்டு முறைதான் வண்டியை எடுப்பார்கள். மழை பெய்த மறுநாள் காலையில் டிஸ்க்கில் தெரியும் செந்துருவுக்குப் பயப்பட வேண்டாம். வார்ப்பிரும்பு துருப்பிடிக்கத்தான் செய்யும், நாலு பிரேக்கில் போய்விடும். வாரக்கணக்கில் ஈரத்தோடு நின்ற வண்டிதான் ஆபத்து. கழுவிய கையோடு ஷெட்டுக்குள் விடாமல், தெருக்கோடி வரை ஓட்டி நாலு தடவை பிரேக்கை மிதித்துக் காயவிட்டு நிறுத்துங்கள்.

வாத்தியார் கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று இரண்டு முறை வீல் அலைன்மென்ட் பார்த்தாராம். பிரேக்கை மிதிக்காதபோதும் இழுத்தது அந்த இடது பேடு. அதை முதலில் சொல்லியிருந்தால் எனக்கு அரை மணி நேரம் மிச்சம். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் பிரேக் சமமாகப் பிடிக்காது என்பதால், இரண்டு பக்கமும் டிஸ்க், பேடு மாற்றினோம். டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்தேன். அங்கே ஒரு துகள் மாட்டினாலும் டிஸ்க் கோணலாகச் சுற்றும், கொஞ்ச நாளில் ஸ்டியரிங் உதறும். நாலு பின், நாலு பூட், சிலிகான் கிரீஸ். மொத்த பில்லில் இந்த வரிதான் ரொம்பச் சின்னது.

பொங்கல் கழித்து வரச் சொல்லியிருந்தேன், வந்தார்கள். இடது சக்கரத்தைக் கழற்றி அளந்தேன். உள் பேடு 9 மி.மீ., வெளிப் பேடும் 9. “இப்ப பாட்டு சத்தத்தக் கம்மி பண்ணிட்டாங்க” என்றார் அம்மா.